பெற்றுக்கொண்டவர்

தடைக்காலம்.
விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன.
வடக்கத்திப் பையன்கள் திப்ருகர் ரயிலில் போய்விட்டார்கள்.
போவதற்கு ஊர் சொல்ல முடியாத ஒருவன் மட்டும்
தேங்காப்பட்டணத்தில்,
பத்றோசின் வலைக்கிட்டங்கியில்,
சுருட்டிய மடிமேல் மல்லாந்து கிடக்கிறான்.

செவ்வாயும் சனியும் என் ஸ்கூட்டி அங்கே போகும்.
மூத்திரப்பை, புண்துணி,
பூட்டிய தகரப்பெட்டியில் மார்ஃபின்,
அதற்கென்று ஒரு பேரேடு.
பேரேட்டில் ஆறு கட்டம்.
முதல் கட்டத்திலேயே சிக்கல்.

கார்டை நீட்டினான்.
பாப்பி மண்டல், காக்துவீப்.
எழுதப் போன கையைப் பிடித்தான்.
“சிஸ்டரே, இவனுக்கு நோவு இல்ல.
நோவு எனக்காக்கும்.”

பன்னிரண்டு வருஷம் ஐஸ்பெட்டி சுமந்து
துறைமுகத்தில் பொறுக்கிய தமிழ் அது.
ஈரல் கல்லாகிப் போன பிறகும்
‘ஆக்கும்’ சரியான இடத்தில் வந்து விழுந்தது.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
சீட்டு வரிசை ஜன்னல்வரை போய்விட்டுத்
திரும்பி வந்தவன்.
அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தால்?
பஸ் ஸ்டாண்டில் ஒரு சாயா குடித்தான். கக்கினான்.
அவ்வளவுதான் அவனுடைய வைத்தியம்.

பத்றோஸ் கெட்ட வாய்க்காரன்.
“எனக்கெதுக்கு இந்த எளவு?
போலீசு வந்தா நானில்லா உள்ள போவேன்”
என்று சொல்லிக்கொண்டே கஞ்சியை ஆற்றுகிறான்.
பஹ்ரைனில் நாலு வருஷம் கல்லிவல்லியாகத் திரிந்தவன்.
கடவாய்ப் பல்லைக் கட்டிங் பிளேயரால்
தானே பிடுங்கிய கதையை
ஓட்டையைக் காட்டிச் சிரித்துச் சிரித்துச் சொல்வான்.
சிரிப்பு முடிந்ததும்
கரண்டி மறுபடி அந்த வாய்க்குப் போகும்.

வலிக்கு மதிப்பெண் கேட்பது என் வேலை,
பூஜ்யத்திலிருந்து பத்துவரை.
அவன் பாகத்தில் சொல்வான்.
இன்று ஆறு பாகம்.
இன்று பதினாலு.
“நேத்து ராத்திரி நங்கூரம் தரை தொடல்ல.”
நான் அதை மில்லிகிராமாக எழுதினேன்.

போனில் மகள் வருவாள்.
அவள் தோளுக்குப் பின்னால் பெரிய ஆறு.
திருப்பு, திருப்பு என்று கை காட்டுவான்.
நான் போனைப் பொழிமுகத்துக்குத் திருப்புவேன்.
ஆனி மழையில் இரண்டு ஆறும் ஒரே கலங்கல்.
அவள் ஏதோ கேட்டாள்.
பதிலின் நடுவில் ‘வெள்ளம்’ என்று
எங்கள் சொல் ஒன்று வந்து மாட்டியது.
நாக்கைக் கடித்துக்கொண்டான்.
அவள் திரும்பக் கேட்கவில்லை.

பிணத்துக்கும் பாஸ்போர்ட் வேண்டும்.
அது அவனுக்குத் தெரியும்.
“அனுப்பண்டாம், செலவு கூடுதல்”
என்றான் ஒரு தரம்,
மரியாதைக்கு ஒரு காரணம்.

ஒரு சனிக்கிழமை பெயரைச் சொன்னான்.
தகப்பன் பெயரோடு, முழுதாக.
எழுத அல்ல,
கூப்பிட.
கூப்பிட்டேன்.
கண்ணை மூடிக்கொண்டே “ஓ” என்றான்,
அடுத்த வீட்டிலிருந்து குரல் கொடுப்பவனைப் போல.
இங்கேயும் அதை எழுதவில்லை.

இறந்தது வியாழன், என் முறை இல்லாத நாள்.
பள்ளிவாசலில் இருந்து நாலு பேர் வந்தார்கள்.
“பேரு என்னதாம் போடணும்?”
“கார்டு வேற, ஆளு வேற” என்றான் பத்றோஸ்.
பெரியவர் என்னைப் பார்த்தார்.
நான் ஓலைவிளிம்பில் சொட்டுவதைப் பார்த்தேன்.
அவர் நோட்டை மூடிச் சட்டைக்குள் வைத்தார்.
“நேரம் களையாதீங்கப்பா,
குழியில வெள்ளம் கேறுது.”

மிச்ச மாத்திரையை எண்ணி
உறையிலிட்டு ஒட்டித்
திருப்பிக் கொடுக்க வேண்டும். சட்டம்.
‘பெற்றுக்கொண்டவர்’ கட்டத்தில்
ஒன்பது பெருவிரல் ரேகை.
ஒன்பதிலும் குறுக்கே
வலைநூல் அறுத்த ஒரே தழும்பு.
பெயர்க் கட்டத்தில் என் கையெழுத்தில்
‘பத்றோஸ் கிட்டங்கி’.
இது யாரென்று டாக்டர் கேட்பார்.
கேட்கட்டும்.

பதினேழு.
இன்னொரு தரம் எண்ணினேன்.
பதினேழுதான்.